டெல்மர் பிரித்த பதினான்கு குட்டிகள்

டெல்மர் ஸ்டக்கிக்குச் சிவப்பு தெரியாது. தக்காளி பழமா காயா என்று அழுத்திப் பார்த்துத்தான் சொல்வார். இந்தியானா மாநிலத்தில் கோகோமோவை ஒட்டிய சிற்றூரில், பள்ளிக்கூடத்துத் தரையைத் துடைத்து, கொதிகலனைக் கவனித்து இருபது வருடம் ஓட்டியவர். அந்த வேலைக்கு நிறம் தேவையில்லை. ஆனால் மனிதர் ஆசைப்பட்டது எதற்கு என்றால், முட்டையிடாமல் குட்டி போடுகிற போவா பாம்புகளை நிறம் பார்த்துச் சேர்த்துக் குட்டி எடுக்கிற தொழிலுக்கு. போயும் போயும் இதற்கா என்று அவர் மனைவி ரோண்டாவே கேட்டிருக்கிறாள்.

அவருடைய அப்பா மின்வேலைக்காரர். மகன் பிறந்த வாரமே வேனில் ‘ஸ்டக்கி அண்ட் சன்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தவர். பதினாறு வயதில் டெல்மர் பச்சைக் கம்பிக்குப் பதில் சிவப்பை எடுத்து நீட்டினார். அப்பா திட்டவில்லை. அடுத்த வாரம் ‘அண்ட் சன்’ மேல் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டார். வெயில் பட்டால் அடியில் அந்த எழுத்து மங்கலாகத் தெரியும். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பாம்பு வளர்ப்போர் சங்கம் சனிக்கிழமைகளில் பொருட்காட்சி மைதானத்துக் கூடத்தில் கூடும். அங்கே பெவ் ஹார்லன் வைத்ததுதான் சட்டம். இருபத்தைந்து வருடமாகப் போவா வளர்க்கிற அம்மாள். ஒரு ஈற்றுக் குட்டிகளைப் பார்த்த மாத்திரத்தில் எது சிவப்பு ஏறும், எது சிவப்பே இல்லாத சாம்பல் என்று பிரித்துவிடுவார். டெல்மர் ஒருமுறை, சிவப்பு துளிகூட இல்லாத குட்டியைத் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல சிவப்பு என்று சொல்லி ஒருவர் கையில் கொடுத்தார். கூடமே சிரித்து உருண்டது. அதிலிருந்து அவர் வீட்டுக் குட்டிகளைப் பிரிப்பதும் பெவ்தான். வாய் கத்தரி, மனசு தங்கம்.

ஆறு வருடத்துக்கு முன் டெல்மரின் சாதாரணப் பழுப்புப் போவா ஒன்று பத்தொன்பது குட்டிகள் போட்டது. பெவ் வந்து பார்த்து, எல்லாமே சாதாரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டெல்மர் தலையை ஆட்டவில்லை. நான்கு குட்டிகளில் மட்டும் முதுகுப் பட்டைகளின் ஓரம் கரைந்து வெளிறியிருப்பதாக அவருக்குத் தெரிந்தது. பெவ் கண்ணாடி போட்டும் பார்த்தார், போடாமலும் பார்த்தார்.

“யோவ் டெல்மர், அது பாம்புல இல்ல. உன் கண்ணுல இருக்கு.”

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்குக்கு ஒரே நீதிமன்றம்தான். அந்த நாலில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் வளர்த்துச் சேர்க்க வேண்டும். தாயும் தகப்பனும் தங்களுக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்த குணம்தான் அது என்றால், இந்த ஜோடிக்குப் பிறக்கிற குட்டி அத்தனையிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் கதை முடிந்தது. பெண் போவா குட்டி போடுகிற பருவத்துக்கு வர நாலைந்து வருடம் ஆகும். டெல்மர் காத்திருந்தார். சங்கத்தில் சிரித்தது அவரை அவ்வளவு உறுத்தவில்லை. தான் கண்டது உண்மையா, அல்லது இதுவும் கண் செய்கிற மோசடியா என்பதுதான் அவரைத் தின்றது. இந்த முறையும் தவறினால் பாம்பு அறையைக் காலி செய்துவிடுவதாக ரோண்டாவிடம் சொல்லியிருந்தார்.

போன ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வீடு திரும்பியபோது பெட்டிக்குள் பதினான்கு குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பதினான்கிலும் ஓரம் வெளிறியிருந்தது. ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தார். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடம் ஒன்றையே பார்க்க ஆசைப்பட்டவன் கண்ணுக்கு அது தெரியாமலா போகும்?

பெவ்வுக்குப் போன் செய்து அந்தப் பயத்தை அப்படியே சொன்னார். அதற்கு வழி இருக்கிறது என்றார் பெவ். தன் வீட்டில் அதே வாரம் பிறந்த பத்துச் சாதாரணக் குட்டிகளோடு வந்தார். டெல்மரைக் கொல்லைக்குத் துரத்திவிட்டு, இருபத்துநான்கு குட்டிகளையும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு, யாருடையது என்று டப்பாவின் அடியில் எழுதி, சமையலறை மேசையில் கலைத்து அடுக்கினார். ரோண்டா சோளத்தை வேகவைத்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“உன்னோட பதினாலையும் எடு. ஒண்ணு மாறினாலும் இனி இந்தப் பேச்சே கூடாது” என்றார் பெவ், டெல்மரை உள்ளே கூப்பிட்டு.

டெல்மர் எடுத்தார். ஒரு டப்பாவை ஒதுக்கினார், திரும்ப எடுத்துப் பார்த்தார், மறுபடி ஒதுக்கினார். கடைசியில் பதினான்கு ஒரு பக்கம், பத்து ஒரு பக்கம்.

பெவ் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். டெல்மருடையது. டெல்மருடையது. பதினான்கும் டெல்மருடையது. நம்பாமல் அந்தப் பத்தையும் கவிழ்த்தார். பத்தும் தன்னுடையது. அப்படியும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, கோபமே வந்துவிட்டது.

“எங்கய்யா இருக்கு அது?”

“போன்ல படம் எடு. எடுத்துட்டு கலரை மொத்தமா எடுத்துடு” என்றார் டெல்மர்.

பெவ் தன்னுடையதில் ஒன்றும் டெல்மருடையதில் ஒன்றுமாக இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றினார். சிவப்பும் பழுப்பும் போன படத்தில், ஒன்றின் பட்டை ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. மற்றதன் ஓரம் பாலில் நனைந்த ரொட்டிபோலக் கரைந்திருந்தது. பெவ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“இருபத்தஞ்சு வருஷம் டெல்மர். சிவப்பைப் பாத்துப் பாத்தே இதை விட்டுட்டேனே.”

புதிய குணத்தைக் கண்டுபிடித்தவர் பெயரிலேயே அந்த வம்சத்தைச் சொல்வது அவர்களிடையே வழக்கம். பெவ் கைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, முதல் டப்பாவின் மூடியில் தடித்த எழுத்தில் ‘ஸ்டக்கி’ என்று எழுதி அவரிடம் நீட்டினார்.

“இது என்ன கலர் மைன்னு கேக்க மாட்டேன், பயப்படாத.”

டெல்மர் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். ரோண்டா பக்கத்தில் வந்து கையை நீட்டியபோது சட்டென்று தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“மை இன்னும் காயல” என்றார். “யாரும் தொட்டு அழிச்சிடாதீங்க.”