எண்பத்தொன்றாம் பக்கத்தில் பனி

நான் எத்தனை புத்தகங்கள் படித்திருக்கிறேன் என்று சொன்னால் எழுந்து நின்று வணக்கம் வைப்பீர்கள். முழுசாகப் படித்தது எத்தனை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பத்தொன்பது வருடமாக ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெரிய தாளில் அச்சாகி, பதினாறு பக்கமாக மடிந்து எங்களிடம் வருவதற்கு ஃபாரம் என்று பெயர். மேசை மேல் ஒன்றாம் ஃபாரம், இரண்டாம் ஃபாரம் என்று வரிசையாகக் குவிந்திருக்கும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்று எடுத்து அடுக்கிக்கொண்டே போனால் ஒரு புத்தகம் சேரும். என் கைக்கு எந்த ஃபாரம் வருகிறதோ அதைத்தான் நான் படிப்பேன். ஆகவே என் அறிவு பதினாறு பக்கத்துக்கு ஒரு ஓட்டையோடு இருக்கும்.

அந்த அறிவை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டு நேரத்தில், பெங்குவின் முட்டையைக் கால் மேல் வைத்து எப்படி அடைகாக்கும் என்று வகுப்பெடுப்பேன். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் "அது அடுத்த ஃபாரத்துல வரும்" என்று தப்பித்துக்கொள்வேன். எல்லோரும் என்னை புரொஃபசர் என்று கூப்பிட்டார்கள். அது கிண்டல் என்று கட்டிடத்துக்கே தெரியும். நான் மட்டும் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் விடவில்லை. பூமி சூடாகிறது என்று சொல்லி நான் ஃபேனை நிறுத்த, நாள் முழுக்க வேன் ஓட்டிவிட்டு வந்த கணவர், "முதல்ல நான் ஆறிக்கிறேன், அப்புறம் பூமியைப் பாத்துக்கலாம்" என்று மறுபடி போடுவார்.

என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டது அவருடைய அக்கா. என் நாத்தனார். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு எழுத்து வராது. ஆனால் ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு இருக்கும். ஒன்றாம் ஃபாரத்தில் மேலே, இரண்டில் கொஞ்சம் கீழே, மூன்றில் இன்னும் கீழே. சரியாக அடுக்கினால் புத்தகத்தின் முதுகில் படிக்கட்டு மாதிரி தெரியும். அக்கா அந்தப் படிக்கட்டை மட்டும் பார்த்து அடுக்குவார். இருபத்தாறு வருடத்தில் ஒரு படி தவறியதில்லை.

போன வருடம் ஒரு பதிப்பாளர் மூன்று புத்தகங்களை ஒரே வரிசையாகக் கொடுத்தார். ஒன்று பருவநிலை மாற்றம், ஒன்று துருவப் பயணம், ஒன்று மழைக்காடுகளைக் காப்பது பற்றி. மூன்றும் ஒரே அளவு, ஒரே தாள். எனக்காகவே அச்சடித்தார்களோ என்று பூரித்துப்போனேன்.

துருவப் புத்தகத்தின் ஆறாம் ஃபாரத்தில்தான் வினை பிடித்தது. நான்கு பேர் பனியில் வண்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள், பிஸ்கட் தீர்ந்துகொண்டே வருகிறது. அதை விட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுவது? ஒற்றை ஃபாரத்தோடு போனால் சூப்பர்வைசர் கண்ணில் படும். கட்டோடு தூக்கிப்போனால் வேலை செய்வதுபோல இருக்கும். இப்படி என்னை நானே மெச்சிக்கொண்டு, இருநூறு ஃபாரம் உள்ள கட்டைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து படித்தேன். மணி அடித்தது. பக்கத்து மேசையில் மழைக்காட்டுப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அக்காவின் முன்னால் ஆறாம் குவியல் தீரும் நிலையில் இருந்தது. என் உடம்பு அச்சகத்தில், புத்தி தென் துருவத்தில். கட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டேன். இரண்டுமே ஆறாம் ஃபாரம். கறுப்புக் கோடு ஒரே இடத்தில். படிக்கட்டில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மழைக்காட்டுப் புத்தகத்தை எழுதியவர் தயாரான பிரதியைப் பார்க்க வந்தார். ஆசையாகப் புரட்டினார். எண்பதாம் பக்கத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் குஞ்சோடு இருக்கிறது. ஆண் பறவை அலகில் அத்திப்பழத்தோடு வருகிறது. எதிர்ப்பக்கத்துக்கு வந்து, உரக்கவே வாசித்தார்: "மிச்சமிருந்த இரண்டு நாய்களையும் கொன்று சாப்பிடுவது என்று முடிவு செய்தோம்."

பிரிவில் எனக்கு மட்டும் அடுத்த வரி மனப்பாடமாகத் தெரியும்.

இருநூறு பிரதியையும் காகிதக் கூழுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக அடித்துத் தருவதாக சூப்பர்வைசர் சொன்னார். எழுத்தாளர் துடித்துப்போனார். "மரத்தை வெட்டாதீங்கன்னு எழுதியிருக்கேன் சார். அதையே கூழாக்குவீங்களா? பிரிச்சு மாத்திக் குடுங்க."

அவர் போனதும் சூப்பர்வைசர் அக்காவிடம் வந்தார். "ஆறாவது குவியல் உங்களோடதுதானே? படிக்கத் தெரியாதவங்கள இந்த மேசைல வச்சது என் தப்பு. திங்கட்கிழமைலேர்ந்து கழிவுத்தாள் ஷெட்டுக்குப் போயிடுங்க."

அக்காவுக்குத் தூசி பட்டாலே மூச்சு இழுக்கும். அந்த ஷெட்டில் தூசியைத் தவிர வேறொன்றும் கிடையாது. அக்கா தலையை மட்டும் ஆட்டினார். நான் குனிந்து, ஏற்கெனவே நேராக இருந்த ஒரு கட்டை நேராக்கிக்கொண்டிருந்தேன். பசியில் சாகும்போதும் கூட வந்தவனைக் கைவிடாத மனிதர்களைப் பற்றி வாய் கிழியப் பேசியவள், பத்தடி தூரம் நடந்துபோய் ஒரு வாக்கியம் சொல்லப் பயந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. மீதி, இனி யாரும் புரொஃபசர் என்று கூப்பிட மாட்டார்களே என்ற கவலை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா தன் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தார். ஒரு சீப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், மூச்சிழுப்புக்கு ஒரு மருந்து. அந்த மருந்தைப் பார்த்ததும்தான் என் கால் நகர்ந்தது.

"சார், அந்தக் கட்டை வச்சது நான்."

சூப்பர்வைசர் என்னைப் பாசத்தோடு பார்த்தார். "நாத்தனாருக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிறீங்களா? பெரிய மனசு புரொஃபசர் உங்களுக்கு."

செய்த தப்போடு இந்தப் பெருமையையும் வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவ்வளவு கேவலம். நல்லவேளை, அக்கா கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல சார், நெஜமாவே நான்தான். வேணும்னா கேளுங்க," என்று சொல்லிவிட்டு, எண்பத்தொன்றாம் பக்கத்தில் ஆரம்பித்து ஒப்பித்தேன். நாய் முடிந்தது, புயல் முடிந்தது, எண்பத்தாறில் கூடாரம் கிழிந்தது. சூப்பர்வைசர் கையைத் தூக்கினார்.

"போதும், நம்புறேன். படிக்கத் தெரிஞ்சவங்களாலயும் ஆபத்துதான் போல."

அக்கா மேசையிலேயே இருக்கலாம் என்றார். எனக்கு அட்டை ஒட்டும் பிரிவு. அங்கே படிக்க ஒன்றும் கிடையாது. அதற்கு முன் இருநூறு பிரதியையும் நானே பிரித்து, பனியை உருவி, காட்டைச் செருகித் தர வேண்டும்.

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். அட்டையைக் கிழித்து, பசையைச் சுரண்டி, தையல் நூலை அறுத்து ஒரு பிரதியை முடிப்பதற்குள் விரல் எரிந்தது. பத்தாவது பிரதியின்போது அக்கா ஒரு கத்தியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"மன்னிச்சிருங்க அக்கா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அக்கா நூலை அறுத்துக்கொண்டே சொன்னார். "நீ அந்தக் கட்டை வச்சப்பவே பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"மேல ஒரு படம் இருந்துச்சுல்ல? ஒரே வெள்ளையா, நாலு பேரு, ரெண்டு நாயி. மத்த கட்டெல்லாம் மரமும் பறவையுமா இருக்கு, இது என்னடா புதுசான்னு யோசனை வந்துச்சு."

"ஏங்க்கா கேக்கல?"

"நான் என்னத்தக் கண்டேன்? படிச்சவ வச்சிருக்கா, சரியாத்தான் இருக்கும்னு எடுத்து அடுக்கிட்டேன்."

ஒரு சொல்லில்கூடக் குத்தல் இல்லை. அக்கா அடுத்த பிரதியை எடுத்து அட்டையைக் கிழித்தார். எனக்குக் கண் மறைத்தது. நூல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.