அச்சிலேயே வந்த காரணம்

என் தங்கை சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறாள். பழைய காகிதத் தூசி அவளுக்கு ஆகாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு படிப்பாள். எங்கள் வீட்டில் அவளுக்குத் ‘தும்மல்’ என்றே பெயர்.

அவள் படித்தது எங்கள் ஊர் நூற்பாலையின் விபத்துப் படிவங்களை. அங்கே வேலை பார்த்துத்தான் எங்கள் அம்மா வலது கையில் இரண்டு விரல்களை இழந்தார். அம்மாவின் படிவத்தில் ‘காரணம்: கவனக்குறைவு’ என்று இருந்தது. மற்ற எல்லோருடைய படிவத்திலும் அதுதான்.

இதே படிவங்களை வைத்து, தொழிலாளர்களுக்குக் கவனம் போதாது என்று இவளுக்கு முன்னால் ஒருவர் எழுதிப் பட்டமும் வாங்கிவிட்டார். இவள் ஆலை அலுவலகத்துக்குப் போய், நிரப்பாத படிவம் வேண்டும் என்று கேட்டாள்.

“எழுதாத தாளை வெச்சு என்னம்மா ஆராய்ச்சி பண்ணப்போற?” என்று சிரித்த குமாஸ்தா, ஒரு கட்டுப் படிவத்தையே தூக்கிக் கொடுத்தார். பெயருக்கும் தேதிக்கும்தான் அதில் இடம் விட்டிருந்தார்கள். காரணம் அச்சிலேயே வந்திருந்தது.

இந்தக் காகிதம் விபத்தைப் பற்றிச் சொல்லவில்லை, ஆலையைப் பற்றித்தான் சொல்கிறது என்று அவள் ஓர் அத்தியாயம் எழுதினாள். அது தெரிந்ததும் ஆலைக்காரர்கள், படிவங்களைப் பார்க்கத் தந்த அனுமதியை ரத்து செய்வோம் என்றார்கள். அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஆடிப்போனார். அத்தியாயத்தை எடுத்தால் இந்த வருடமே பட்டம், எடுக்காவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

“உங்க அம்மா பேரு அதுல இருக்கு. நடுநிலைன்னு ஒண்ணு வேணாமா?” என்று கேட்டார்.

“அடிபடறதுக்கு முன்னாடியே காரணத்தை அச்சடிச்சு வெச்சிருக்காங்க சார். அவங்ககிட்ட இதைக் கேட்டீங்களா?” என்றாள் தங்கை.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

சித்தப்பா விஷயம் கேள்விப்பட்டு வந்து, பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதற்கு, பட்டம் போனால் திரும்பி வருமா என்று ஒரு பாட்டம் புலம்பினார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“போனா போகட்டும். எனக்கு விரலே வரல” என்றார். பிறகு தங்கையிடம், “ஒரு வரி எடுத்தேன்னா வீட்டுக்குள்ள வராத” என்றார்.

மறு வாரமே அவள் வழிகாட்டியை மாற்றக் கேட்டு விண்ணப்பித்தாள். வழிகாட்ட ஒத்துக்கொண்ட வேறொரு பேராசிரியை, பாதி வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், ஒரு வருடம் கூடுதலாகும் என்று சொல்லிவிட்டார். ஆகட்டும் என்றாள் இவள். பழைய ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் கடைசிக்கு முந்தியதாக இருந்தது. இப்போது அதுதான் முதல் அத்தியாயம்.