கன்னி பிறக்காத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு என் கணவர் எங்கள் வீட்டுச் சுவரில் அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு நாள்காட்டிகளுக்கு முன்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காரியம் கெட ஆரம்பித்தது அப்போதுதான். மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் இப்படி இரண்டு தொங்குவது வழக்கம். ஒன்று, ஊரிலிருந்து வருகிறவர்கள் யாராவது கொண்டுவரும் தமிழ் நாள்காட்டி. விரதமும் அமாவாசையும் அதைப் பார்த்துத்தான். மற்றது மலையாள நாள்காட்டி. பள்ளிக்கூட விடுமுறை, ரேஷன் கடை என்று ஊரோடு ஒத்துப்போக வேண்டிய விஷயங்களுக்கு அது. மாதங்கள் இரண்டிலும் ஒன்றேதான், பெயர்தான் வேறு. நம் ஆவணியை இவர்கள் சிங்ஙம் என்கிறார்கள்; நம் புரட்டாசியைக் கன்னி என்கிறார்கள். ஆனால் மாதம் எந்த நாளில் பிறக்கிறது என்று முடிவுசெய்வதில் சில சமயம் இரு கணக்குகளும் ஒரு நாள் விலகிவிடும். சூரியன் ராசி மாறுவது மத்தியானம் தாண்டி என்றால் நமக்கு அன்றைக்கே மாதம் பிறந்துவிடுகிறது, இவர்களுக்கு மறுநாள்தான். அந்த ஞாயிறு அப்படி ஒரு நாள். தமிழ்த் தாளில் புரட்டாசி ஒன்று. பக்கத்துத் தாளில் சிங்ஙம் முப்பத்தொன்று.

புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கடைப்பிடிப்பது அது. முந்தின நாளே மீன்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றிவிட்டு, வீட்டைக் கழுவிவிட்டு, நிம்மதியாகத் தூங்கியிருந்தேன்.

"இங்க வந்து பாரு. இன்னைக்கு இன்னும் சிங்ஙம்தான். கன்னி நாளைக்குத்தான் பொறக்கு" என்றார் அவர்.

"நீங்க பொறந்தது சங்கரன்கோவில்லயா, வைப்பின்லயா?" என்றேன். வைப்பின், காயலுக்கு அக்கரையில் இருக்கும் மீன்காரர்கள் தீவு.

"பொறந்தது எங்கயும் இருந்துட்டுப் போகட்டும். வயிறு இங்கதான இருக்கு?"

மலையாள எழுத்தை நான் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். எங்கள் மகள் கோமதிக்குப் பன்னிரண்டு வயது; இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். அவள் நாற்காலியில் ஏறி அந்தத் தாளை வாசித்துவிட்டு நீதிபதி மாதிரித் திரும்பினாள். "அப்பா சொல்றது கரெக்ட்டும்மா. முப்பத்தொண்ணுன்னுதான் போட்டிருக்கு." எட்டு வயது சங்கருக்குப் பஞ்சாங்கத்தில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. அவன் ஏற்கனவே செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தான்.

"பெருமாள் ஒண்ணும் மலையாளக் காலண்டர் பாக்க மாட்டாரு. என் அடுப்புல மீன் ஏறாது" என்றேன்.

"உன் அடுப்ப யாரு கேட்டா? வைப்பின்ல மீன்காரத் திரேசா வீட்டு அடுப்பு இருக்கு. கரிமீன் எடுத்து வைக்கேன்னு சொல்லிருக்கா. சும்மா போட்ல ஒரு சுத்து சுத்திட்டு, நாலு மணிக்குச் சாயா குடிக்க இங்க இருப்போம். நீயும் வாயேன், வந்து வேடிக்க பாரு."

நான் போகவில்லை. மூன்று பேரும் படியிறங்கும்போது சங்கர் பாட்டுப் பாடிக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

என் கணவரைப் பற்றி ஊரில் இருக்கும் நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எழுபதுகளின் நடுவில், மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தபோது, அவர் சாப்பாட்டில் நாட்டமே இல்லாத மனிதர். இலையில் என்ன விழுந்தது என்று பார்க்காமலே எழுந்துவிடுவார். சங்கரன்கோவிலில் கடல் மீன் தூத்துக்குடியிலிருந்து பஸ் கூரையில் ஐஸ் கூடைக்குள் உட்கார்ந்து வரும். பஸ் நிலையத்துக்கு அது வந்து சேர்ந்ததைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். அதை வாங்கி, மஞ்சளும் மிளகாயுமாக அரைத்துப் போட்டு, மீனுக்கு வந்த கதியை மறைத்துக் குழம்பு வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சமையல். இங்கே வந்த முதல் வாரம், போர்ட் கொச்சியில் சீனவலையைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறபோது அவர் அதன் கீழே நின்றுவிட்டார். வலையில் துள்ளிய மீனை ஒருவர் கையில் எடுத்துக் கொடுக்க, இவர் வாங்கிக்கொண்டு, அது துள்ளியதில் பயந்து கீழே போட்டுவிட்டார். உயிருள்ள மீனை அதுவரை அவர் தொட்டதில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வேறு ஆள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை விரலால் அழுத்துவார், கண் கலங்கியிருக்கிறதா என்று குனிந்து மீனின் முகத்தையே பார்ப்பார். என் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததாக நினைவில்லை. வைப்பின் ஜெட்டி அருகில் கூடை வைத்திருக்கும் திரேசா இவருக்குப் 'பாண்டிச் சேட்டன்' என்று பெயர் வைத்தாள். "பாண்டிச் சேட்டா, அது மீனாணு, பெண்ணு காணான் வந்நதல்ல" என்பாள். பெண் பார்க்க வந்தவர் மாதிரி இவர் சோதித்ததைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள்; இவரும் பெருமையாகச் சிரிப்பார். நானோ மீன் கறிக்குப் போடும் கறுத்த குடம்புளியை இன்னதென்று தெரியாமல் முதல் பொட்டலத்தைக் கெட்டுப்போன ஏதோ என்று குப்பையில் கொட்டியவள். அதே குடம்புளி போட்ட சாளைக் கறியையும் வேகவைத்த மரவள்ளிக் கப்பையையும் இப்போது நானே இரண்டாம் முறை போட்டுக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி வைராக்கியத்தை என் நாக்குக்கு மீன் பிடிக்காததால் வந்தது என்று யாரும் எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் குடும்பத்தோடு வெளியே போவது என்றால் வருடத்துக்கு ஒரு முறை ஆடித்தபசுக்குத்தான். அப்போதும் அவர் பத்தடி முன்னால் நடப்பார். நானும் பிள்ளையும் பின்னால் ஓடுவோம். யாரோ எவரோ மாதிரி. இங்கே, நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில், அவர் என் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். கடற்கரையில் கடலைப் பொட்டலத்தை நீட்டி, "நீ எடு" என்றார். போட்டில் அக்கரைக்குப் போய், இறங்காமல் அதே போட்டில் திரும்பி வருவது எங்கள் குடும்பத்தின் பெரிய உல்லாசம். டிக்கெட் கொடுப்பவர் முதலில் எங்களை வழி தெரியாதவர்கள் என்று நினைத்து, அக்கறையாக இறங்கச் சொல்லிக் கை காட்டுவார். இவர் தலையாட்டிவிட்டு இன்னும் அழுத்தமாக உட்காருவார்.

அந்த ஞாயிறு மத்தியானம் வரை வெயில் அடித்தது. மழை முடிந்துவிட்டது என்று எல்லோரும் குடையை உள்ளே வைத்திருந்த நேரம். பிறகு மேற்கே கறுத்து, கூரை ஓடுகள் தடதடக்கிற மாதிரி காற்று. எங்கள் வீடு பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடி. கிட்டங்கியின் பின்பக்கப் படிகள் காயலுக்குள் இறங்குகின்றன. அடுக்களை ஜன்னலில் நின்றால் தண்ணீர் தெரியும். நாலு மணி சாயாவுக்கு வைத்த பால் கொதித்து ஆறியது. மறுபடி கொதிக்கவைத்தேன். ஜன்னலில் தண்ணீரும் மழையும் ஒரே நிறமாக இருந்தன. இடது பக்கம் எங்கோ அழிமுகம். காயல் கடலோடு சேரும் அந்த வாயைத் தாண்டித்தான் வைப்பின் போட் போகும், வரும். மூன்று பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்துகொள்ளத் தண்ணீர் எங்கே இருந்தது?

அடுத்த வீட்டு ஐஷும்மாவை நான், முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, இத்தா என்றுதான் கூப்பிடுவேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் ஒன்றும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டாள். இருவரும் கல்வத்தி வழியாக போர்ட் கொச்சி ஜெட்டிக்கு நடந்தோம், பாதி ஓட்டமாக. கவுண்டரில் பலகை அடைத்திருந்தது. உள்ளே ஒருவர் காலை நீட்டிப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வைப்பின் போட்?" என்று கேட்டேன்.

"நிறுத்தி. அழிமுகத்து காற்றாணு" என்றார்.

எப்போது நிறுத்தினார்கள், கடைசிப் போட் வந்ததா, அதில் ஒருவரும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்களா என்று கேட்க வேண்டும். இத்தனை வருடம் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் சமாளித்த என் மலையாளம் அந்த நேரம் பார்த்து ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது. "போகணும், அக்கரை, பிள்ளைங்க" என்று தமிழில் என்னவோ சொல்லி அழுதேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, மிகுந்த பரிவோடு, "இந்நு வேண்ட சேச்சி, நாளெ போகாம்" என்றார். நான் இன்னும் அழுதேன். "எந்தா, கல்யாணத்தினாணோ?" என்று இத்தாவிடம் கேட்டார். கல்யாண வீட்டுக்குப் போக முடியாமல் ஒரு பெண் இவ்வளவு அழுகிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். இத்தா அவரை நாலு வார்த்தை சொன்னாள். அதன் பிறகுதான் அவருக்கு விளங்கியது. எழுந்து வெளியே வந்து, போட் ஒன்றும் கவிழவில்லை, காற்றுக்கு முன்பே கட்டிவிட்டார்கள், அக்கரையில் ஆட்கள் பத்திரமாக நிற்பார்கள் என்று சொன்னார். அவசரக்காரர்கள் சிலர் சின்ன வள்ளத்தில் ஏறிவிடுவார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லியிருக்க வேண்டாம். நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா?

"பேடிக்கண்ட மோளே. காற்று நிக்கட்டே, அவரிங்கு வரும்" என்று இத்தா எனக்குத் தைரியம் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாதாரண நாளில் அந்த ஜெட்டியிலிருந்து பார்த்தால் வைப்பின் கூப்பிடு தூரம். அன்றைக்கு அக்கரையே இல்லை. வெள்ளையாக ஒரு சுவர். நான் கல்லூரியில் படித்தவள், பகுத்தறிவாக நாலு விஷயம் பேசத் தெரிந்தவள். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்து நின்றபோது, இது புரட்டாசி ஒன்றாம் தேதி தின்ற மீனுக்கு வந்த தண்டனை என்றுதான் தோன்றியது. தோன்றிய மறுநிமிஷம் நான் செய்ததை இன்றுவரை அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. கைகூப்பிக்கொண்டு பெருமாளிடம் வாதாடினேன். 'பெருமாளே, நீங்க இந்த ஊர்க் காலண்டரப் பாருங்க. இன்னைக்கு இன்னும் சிங்ஙம்தான். முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு, எம் பிள்ளையே வாசிச்சுச் சொன்னா. கன்னி நாளைக்குத்தான் பொறக்குது. அவங்க ஒரு தப்பும் பண்ணல.' காலையில் அவர் சொன்ன அதே நியாயம், கிட்டத்தட்ட அதே சொற்கள். இத்தாவும் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாதக் கணக்கு வேறு. நிலாவைப் பார்த்து வருவது. எந்தக் கணக்குக்காவது இரங்கட்டும் என்றிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காற்று அடங்கியது. வீட்டில் யாரும் இல்லாவிட்டால் அவர்கள் வந்து பூட்டைப் பார்த்துத் திகைப்பார்கள் என்று சொல்லி இத்தா என்னைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் கால் வைத்தேன். கிட்டங்கிக்குப் பின்னாலிருந்து சங்கரின் குரல். ஈரச் சேலை தடுக்கத் தடுக்கப் பின்பக்கம் ஓடினேன்.

படிகளில் ஒரு வள்ளம் உரசி நின்றது. முதலில் சங்கர் குதித்தான். அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அதன் பிறகு அணைத்துக்கொண்டேன். "அம்மா, இவன் வள்ளத்துல வாந்தி எடுத்தான்" என்றாள் கோமதி. "அப்பாவும்தான்" என்றான் சங்கர். அப்பா கடைசியாக இறங்கினார். யாருடைய வேட்டியையோ உடுத்தி, முகம் வெளுத்து, இரண்டு கைகளிலும் வாழையிலை கட்டிய ஒரு சட்டியைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு வந்தார். காற்று கிளம்பியதும் போட் நிறுத்திவிட்டார்களாம். ஜெட்டியில் நனைந்துகொண்டு நின்றவர்களைத் திரேசாதான் திரும்ப வீட்டுக்கு இழுத்துப்போய்த் துவட்டி, சுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்தாளாம். இவர் வள்ளம் பிடிக்கத் துடித்தபோது, காற்று நிற்காமல் யாரையும் தண்ணீரில் இறக்கமாட்டேன் என்று கதவை மறித்தவர் அவள் புருஷன் அந்தோணி. இப்போது துடுப்பைப் படியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் நிற்பவர் அவர்தான்.

"கோவத்த அப்புறம் வச்சுக்க. மொதல்ல இதப் புடி. உனக்குன்னு திரேசா குடுத்துவிட்ட கரிமீன்" என்று என் கணவர் சட்டியை நீட்டினார். பெருமாளிடம் பேசி முடித்தவள் நான். வாங்கிக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது.

இது நடந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. காயலில் போட் ஊதினால் இப்போதும் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது. அன்றைக்கு அந்தோணியிடம், ஒரு சாயா குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டேன். முழுக்க இருட்டும் முன் அக்கரை சேர வேண்டும் என்றார். வள்ளத்தைத் தள்ளப்போனவர், என் பேச்சைக் கேட்டதாலோ என்னவோ, நின்று, "நிங்ஙளுடெ நாடு எவிடயா?" என்று கேட்டார்.

"சங்கரன்கோவில்" என்றேன் நான்.

"மட்டாஞ்சேரி" என்றான் சங்கர், அதே மூச்சில்.

அந்தோணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் தூரமாணல்லோ சேச்சீ" என்று சிரித்தார். ஒன்றில் அவர் எங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாராம். மற்றதற்கு நாங்களேதான் துடுப்புப் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.