ஆறரை அங்குல ஈர்க்கு

நாங்கள் இருந்த கட்டிடத்துக்கு வாசலில் இரண்டு கதவு. தெருவோடு இருக்கிற கதவை ஆரும் தள்ளித் திறக்கலாம். அதற்கு உள்ளே இருக்கிற கண்ணாடிக் கதவு பூட்டுத்தான், அதற்குத் திறப்பு, சாவி, வேண்டும். நடுவிலே நாலு பேர் நிற்கக்கூடிய இடம். சுவரில் தபால் பெட்டிகள், காலடியில் சப்பாத்துத் துடைக்கிற கம்பளம். திறப்பு இல்லாத ஆள் வெளியே போகலாம், திரும்பி வீட்டுக்குள் வர முடியாது. நான் ஒரு குளிர்காலம் முழுக்கத் திறப்பு இல்லாமல், லாசால் என்கிற பிரெஞ்சுக்கார ஊரில் ஏழாம் மாடியில் இருந்தவள்.

என் திறப்பை என்னிடமிருந்து மகன்தான் வாங்கி வைத்தான். இலை கொட்டி முடிகிற நேரம், ஒரு நாள் கோயிலுக்குப் பூசைக்குப் போக என்று பஸ் ஏறினேன். பஸ்ஸின் நெற்றியில் இருந்த எண் எனக்கு எட்டுப் போலவும் தெரிந்தது, மூன்று போலவும் தெரிந்தது. கேட்கிறதுக்குப் பாஷை இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது என்ரை குணம். பஸ் கடைசித் தரிப்பில் போய் நின்றது. நான் அறியாத இடம். கைப்பையில் மருமகள் எழுதி வைத்திருந்த துண்டைப் பார்த்து, சாரதி மகனுக்குப் போன் அடித்தான். மகன் வேலை உடுப்போடு வந்து இறங்கினான்.

"என்னம்மா இது?"

"சும்மா ஊர் பாக்க வந்தனான். ஏன், பாக்கக் கூடாதோ?"

அவன் சிரிக்கவில்லை. அடுத்த நாளே என் திறப்பு அவனுடைய திறப்புக் கோர்வைக்குப் போய்விட்டது. அவனும் மருமகளும் விடிய வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார்கள். ஒருமுறை, எதிர்க் கடையில் வேலை செய்கிற எங்கட பெண் வருகிற நேரம் என்று கை காட்டக் கீழே இறங்கி, இரண்டு கதவுக்கும் நடுவில் அகப்பட்டுப் போனேன். ஒரு மணித்தியாலம் தபால் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு, கடிதம் எதிர்பார்க்கிற ஆள் மாதிரி நின்றேன். நிலத்தளத்தில் இருக்கிற பிரெஞ்சுக் கிழவி, மதாம் என்றுதான் எனக்குத் தெரியும், வந்து "பொன்ஜூர்" சொல்லிக் கதவைத் திறந்தாள். நானும் பெரிய மனுசி மாதிரி "பொன்ஜூர்" சொல்லிவிட்டு உள்ளே போனேன். கால் இரண்டும் விறைத்துப் போயிருந்தது.

பங்குனி மாதம் மகன் ஒரு பழைய கமெராவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். எங்கட ஆட்களின் கலியாணவீடுகளுக்குப் படம் எடுக்கிறது அவனுக்குச் சனி ஞாயிறு வேலை. அவன் புதுசாக டிஜிட்டல் வாங்கிவிட்டான். பழையது பிலிம் போடுகிறது. அதில் பூட்டியிருந்த லென்ஸ், தாலியையும் மோதிரத்தையும் கிட்டப் பிடித்து எடுக்கிற லென்ஸ். அது தானாக ஒன்றும் செய்யாது. வளையத்தைக் கையால் திருப்பத் திருப்ப, ஆமை கழுத்தை நீட்டுகிற மாதிரி முன்னுக்கு வரும். எங்கே தெளிகிறது என்று எங்கட கண்தான் சொல்ல வேண்டும்.

"இந்தாங்கோ அம்மா, ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருங்கோ" என்றான். வெயிலில் மட்டும் எடுங்கோ என்று சொல்லி, அந்த வெளிச்சத்துக்கு வேண்டிய எண்களை எல்லாம் கமெராவில் அவனே வைத்துத் தந்தான்.

பேந்து சித்திரை வந்தது. கட்டிடத்தின் வெயில் விழுகிற பக்கத்துச் சுவரோடு, மதாமின் பலகணிக்குக் கீழே ஒரு பாத்தி இருந்தது. இன்னும் ஓரத்தில் ஊத்தைப் பனி கிடக்க, அதுக்குள்ளாலே பூ வந்துவிட்டது. இலை பெரிதாக இல்லை, முதலில் பூத்தான். ஊதா நிறத்தில் முட்டை வைக்கிற கிண்ணம் போல ஒரு சாதி. பக்கத்தில் தலை குனிந்த சின்ன நீலப் பூ. வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலம் அதே நிறம். ஆறு மாதம் வெள்ளையையும் சாம்பலையும் பார்த்த கண்ணுக்கு அது பூவாகத் தெரியவில்லை, சத்தமாகத் தெரிந்தது. மதாமுக்குக் கமெராவைக் காட்டினேன். விளங்கிக்கொண்டாள். நான் கீழே வந்து அவள் யன்னலைத் தட்டினால் திரும்பி ஏற உள்கதவைத் திறந்து விடுவாள். குளியலறை ரப்பர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போய், சேலைக்கு மேலே குளிர்க்கோட்டும் போட்டு, முழங்காலில் நின்று இருபத்திநாலு படம் எடுத்தேன்.

படங்களை மருந்துக்கடையில் கழுவித் தருவார்கள். மருமகள் வாங்கி வந்து மேசையில் பரப்பினாள். மகன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

"இது பூவோ அம்மா, புட்டு அவிச்ச ஆவியோ?"

"உன்ரை கமெராவைக் கேள். பழுதைத் தந்துபோட்டு என்னைக் கேக்கிறாய்."

அவன் கமெராவை எடுத்து மேசையில் கிடந்த தேத்தண்ணிக் கோப்பைக்கு நேரே வைத்தான். "வளையத்தைத் திருப்புங்கோ. தெளிவாத் தெரியேக்கை சொல்லுங்கோ."

திருப்பினேன். பனிமூட்டம் மாதிரி எல்லாம் ஒரே புகார்தான். ஏதோ ஒரு இடத்தில் "இப்ப" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். "அம்மா, உங்கட கண்ணை ஒருக்காக் காட்டவேணும்."

எனக்குத் தெரியாத செய்தியை அவன் சொல்லவில்லை. இரண்டு வருசமாக எனக்குத் தெரியும். கிட்ட, மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் செபப் புத்தகம் தெரியும். ஒரு முழம் தள்ளினால் எல்லாத்துக்கும் மேலே மெல்லிய துணி போட்ட மாதிரி. ஆனால் அதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. கண் தெரியாத மனுசி என்று ஒரு கடதாசியில் எழுதிவிட்டால், பிறகு ஆர் அவளிடம் திறப்புக் கொடுப்பார்கள்?

"எனக்கென்ன குருடே? பழகினால் எடுப்பன்."

"சரி, பந்தயம். இந்தப் பூ முடியிறதுக்குள்ளை ஒரு படம், ஒண்டே ஒண்டு, தெளிவா எடுத்துக் காட்டுங்கோ. டொக்டரும் வேண்டாம், திறப்பையும் தாறன்."

"விசர்க்கதை கதையாதையுங்கோப்பா" என்று மருமகள் அவனைப் பேசினாள். "கண்ணிலையும் பந்தயமோ?" அடுத்த நாள் அவள் வேலையிடத்தில் இருந்தே கண் டொக்டரிடம் போன் போட்டு நாள் எடுத்தாள். ஆறு கிழமை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு.

எல்லாரும் போன பிறகு நான் யன்னலடியில் இருந்து அந்த இருபத்திநாலு படத்தையும் மூக்கோடு பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் பூ கலங்கல், ஆனால் பூவுக்கு முன்னால் கிடந்த காய்ந்த இலை நரம்பு நரம்பாகத் தெளிவு. அப்போதுதான் விளங்கியது. தெளிவு என்பது ஒரு தூரத்தில் நிற்கிறது. அந்தத் தூரத்தில் பூவைக் கொண்டுபோய் வைத்தால் போதும். தூரத்தை அறியக் கண் எதற்கு? மிளகாய்க் கண்டு நடும்போது ஒரு தடியை அளவுக்கு வெட்டி, அதை வைத்து வைத்துத்தானே நடுவோம்.

வளையத்தை முட்டத் திருப்பினேன். அதுக்கு மேலே போகாது என்று ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடத்தை விரல் சொல்லும். தையல் பெட்டியில் இருந்த அளவு நாடாவின் தலைப்பை லென்ஸின் வாயோடு வைத்து, வெயில் விழுகிற மேசையில் நீட்டி, கமெராவைக் கொஞ்சம் குனியப் பிடித்து அந்த நாடாவையே எடுத்தேன். பிலிம் முடியும்மட்டும் எடுத்தேன்.

படங்களை வாங்கி வந்த மருமகள் வாசலிலேயே கேட்டாள். "என்ன மாமி, நாடாவைப் படம் எடுத்து வைச்சிருக்கிறியள்?"

"கை பழகிறன் பிள்ளை."

படத்தில் நாடாவின் ஐந்தாம் எண் கலங்கல், எட்டும் கலங்கல். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் கோடு கத்தி மாதிரி இருந்தது. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி, ஆறரை அங்குலத்துக்கு மேலே, கட்டுகிறதுக்கு ஒரு துண்டு விட்டு வெட்டினேன். அந்தத் துண்டைத் தலைமயிர் ரப்பரால் லென்ஸின் கீழ்ப்பக்கம் இறுக்கிக் கட்டினேன். நுனி முன்னாலே நீட்டிக்கொண்டு நின்றது.

ஊதாப் பூக்கள் அதுக்குள் வாடிச் சரிந்துவிட்டன. நீலப் பூதான் மிச்சம். இரண்டு நாள் மழை. யன்னலில் நின்று மேகத்தைத் திட்டினேன். மூன்றாம் நாள் வெயில் வந்தது. முழங்காலில் இறங்கி, மெல்ல மெல்ல முன்னுக்குச் சாய்ந்து, ஈர்க்கின் நுனி பூக்காம்பில் படும் அந்தச் சின்ன அசைவைக் கை உணர்ந்த உடனே மூச்சை அடக்கி அமத்தினேன். கமெராவுக்குள்ளால் பார்த்தது பழக்கத்துக்காகத்தான். எனக்குத் தெரிந்தது ஒரு நீலப் புகார்.

மகன் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றான். பூவின் உள்ளே தூள் தூளாக மகரந்தமும் நீலமாம். இதழில் ஒரு மழைத்துளி நின்றதாம். அவனுக்கு முன்னால் மூக்கோடு பிடித்துப் பார்க்க ஏலாது, நான் எடுத்ததை அவன் சொல்லித்தான் அறிந்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"எங்கட கண்ணை விட உங்கட கண் நல்லம் அம்மா. நான்தான் விசரன்." கோர்வையில் இருந்து திறப்பைக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். மருமகளைப் பார்த்து, "அந்த டொக்டரிட்டை போன் பண்ணி வேண்டாம் எண்டு சொல்லும்" என்றான்.

மருமகள் படங்களை அடுக்கிக்கொண்டே "ஓம்" என்றாள்.

அடுத்த நாள் திறப்பை மாதா பதக்கத்தோடு சேர்த்து ஊசியில் குத்திக்கொண்டு வெளிக்கிட்டேன். மூலைச் சந்திவரை போனேன். எதிர்ப்பக்கத்தில் விளக்கு மாறியதோ இல்லையோ தெரியவில்லை. பக்கத்தில் நின்றவன் நடந்தான், நானும் நடந்தேன். அவன் சிவப்பு விளக்கிலேயே ஓட்டம் பிடித்திருக்கிறான் என்பது நடுத்தெருவில்தான் தெரிந்தது. ஒரு கார் அலறிக்கொண்டு என் கோட்டின் ஓரத்தோடு நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கி என்னென்னவோ பேசினான். அந்தப் பேச்சை விளங்கப் பாஷை தேவையில்லை.

வீட்டுக்கு வந்து இருந்துவிட்டேன். அடுத்த நாளும் போகவில்லை. முந்தி மகன் பூட்டி வைத்திருந்தான், அவனைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கலாம். இப்போது திறப்பு என் நெஞ்சில் குத்தியிருக்க, ஆரைக் குறை சொல்கிறது? கண் நல்லம் என்று நானே கடதாசியில் அச்சடித்துக் காட்டியிருக்கிறேன். பின்னேரம் மகன் வந்து, "இண்டைக்கு எங்கையம்மா போனியள்?" என்று ஆசையாகக் கேட்பான். "ஆத்துப் பக்கம்" என்பேன். பொய் ஒவ்வொரு நாளும் கொஞ்சத் தூரம் கூடப் போனது. ஒரு கிழமையில் நான் லாசால் முழுக்க நடந்து முடித்துவிட்டேன், இருந்த கதிரையில் இருந்தபடி.

ஒரு சனிக்கிழமை மகன் கலியாணவீட்டுப் படத்துக்குப் போயிருந்தான். மருமகள் குசினியில் இருந்து விளக்குமாற்றோடு வந்தாள். மற்றக் கையில் என்னுடைய நீலப் பூப் படம் ஒன்று. எனக்குக் கிட்டவாக, மூக்கடியிலேயே, பிடித்தாள். அந்தத் தூரம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மாமி, கீழ் ஓரத்திலை பாருங்கோ."

பூவுக்குக் கீழே, காம்பைத் தொட்டுக்கொண்டு, ஒரு ஈர்க்கு நுனி. நகம் அளவுதான். ஆனால் பூவை விடத் தெளிவாக இருந்தது. படம் எடுக்கும்போது என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது, நான் காணவில்லை. வெற்றிக் களிப்பில் மகனும் காணவில்லை.

"அண்டைக்கு நாடா, இண்டைக்கு ஈர்க்கு" என்றாள். "நல்ல மூளை மாமி. உந்த மூளையோடை ரோட்டிலை அடிபட்டுச் சாகப் போறியளோ?"

"ஆர் சொன்னது அடிபட்டது எண்டு?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஆத்துப் பக்கம் போற ஆளின்ரை சப்பாத்திலை ஒரு பொட்டு மண் இல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் விளக்குமாற்றைச் சுவரோடு சாத்திவிட்டு என் பக்கத்தில் இருந்தாள்.

"நான் டொக்டருக்குப் போன் பண்ணேல்லை மாமி. நாள் அப்பிடியே இருக்கு. உங்கட மகனுக்குச் சொல்லவும் இல்லை. போறதும் விடுறதும் நீங்கள் சொல்லுங்கோ."

"திறப்பு?"

"அது நீங்கள் பந்தயத்திலை வெண்டது. அதை ஆர் கேட்டது?"

அந்த நாள் வந்தபோது அவளோடு போனேன். இருட்டறையில் உயரமான கதிரையில் இருத்தி, ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள். சுவரில் எண்கள் வெளிச்சமாக நின்றன. எனக்கு முன்னால் போன கிழவர் தமிழ் ஆள். கதவு நீக்கலாக இருந்தது. அவர் உரக்கச் சொன்னதெல்லாம் நான் கேட்டிருந்தேன்: ஏழு, நாலு, இரண்டு, ஒன்பது. நெஞ்சில் பாடமாக நின்றது. வாய் திறந்தால் போதும். வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு வருசம் கண் நல்லம் என்று இருக்கலாம்.

டொக்டர் காத்துக்கொண்டு இருந்தார். மருமகள் பின்னால் நின்றாள், மூச்சுச் சத்தம் கேட்டது.

"பிள்ளை, எனக்குத் தெரியேல்லை எண்டு சொல்லு" என்றேன். "மேல் வரியும் தெரியேல்லை."

இரண்டு கண்ணிலும் படலம். வெட்டலாம், ஆனால் வரிசையில் ஆட்கள் இருக்கினம், அடுத்த பங்குனிக்குத்தான் இடம் என்றார்கள். வீட்டில் மகன் எல்லாம் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.

"என்னை ஏமாத்திப் போட்டியளே அம்மா."

"நீ தெளிவான படம்தானே கேட்டனீ? கண் கேக்கேல்லையே."

அவன் மருமகளைப் பார்த்தான். அவள் அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள். திறப்பை ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலமும் ஏழாம் மாடியில்தான் போனது. சில நாள் மத்தியானம் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்குவேன். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று, வெளிக்கதவைத் தள்ளாமல், மதாமின் பாத்திப் பக்கம் பனி எவ்வளவு உயரம் என்று கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்ப்பேன். வெள்ளையாக ஏதோ இருக்கும். பேந்து திரும்பி, ஊசியில் இருந்து திறப்பைக் கழற்றி, பூட்டின் வாயை விரலால் தடவிப் பிடித்து, நானே திறந்துகொண்டு மேலே வருவேன்.