சம்பலில் மாசி

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுபதுகளில் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போன புதிதில், அங்கே நான் சண்டை போடாத சாப்பாட்டுக் கடை கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் சாம்பார் என்று சொல்லி மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். "பருப்பு எங்கீங்க?" என்று கேட்டால், "கம்பத்துல பஸ் ஏறிருச்சு, வந்துக்கிட்டிருக்கு" என்பார் பரிமாறுகிறவர். சிரிப்பு வரும்தான். ஆனால் பசித்த வயிற்றோடு எவ்வளவு நேரம் சிரிப்பது? மலையாளி ஒருவர் நடத்திய டீக்கடையில் புட்டும் கடலையும் நன்றாகவே இருக்கும். அதையே எத்தனை நாள் தின்பது?

என் ஊர் முதலமடைப் பக்கம். மாந்தோப்பு வைத்திருந்த குடும்பம். எங்களில் யாராவது ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தால் அம்மா அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொள்வாள். "ஏன், நம்மூட்டு அடுப்புல பூனை தூங்குதா?" என்பாள். அப்படி வளர்ந்தவன் மூன்று வேளையும் கடைச் சோற்றில் போய் விழுந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

இரண்டாம் வருடம் மழை விட்ட சமயத்தில், கம்பத்துக்கு இறங்கும் சாலையில் புதிதாக ஒரு கடை திறந்தார்கள். பெயர்ப்பலகை இல்லை. ஊர்க்காரர்கள் அதைச் சிலோன் கடை என்றார்கள். ஐம்பதை ஒட்டிய கணவனும் மனைவியும் நடத்தினார்கள். இரண்டு பேரும் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நீங்கள் இந்தியாக்காரர்கள் என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடிவு செய்து, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பியிருந்தன. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள். பிறகு வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் இருந்த ஒரு சொந்தக்காரரை நம்பி இங்கே வந்தார்கள். அந்த வயதில் எஸ்டேட்டில் வேலை கிடைக்கவில்லை. அதனால் கடை.

அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அக்கா சமைப்பார், அண்ணன் பரிமாறுவார். டீயை அவர்கள் தேத்தண்ணி என்பார்கள். தேங்காய்த் துருவல் போட்டுப் பிசைந்து கல்லில் சுட்ட ரொட்டி, மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சொதி, சிவக்கச் சிவக்க ஒரு சம்பல். முதல் நாள் அந்தச் சம்பலை வாயில் வைத்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஐந்து ரொட்டி தின்றேன். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"தேங்கா, காஞ்ச மொளகா, சின்ன வெங்காயம், எலுமிச்சம்பழம். அப்பறம் எங்க ஊரு வாசனைச் சாமான் ஒண்ணு" என்றார் அக்கா.

நான் சம்பலை மோந்து பார்த்தேன். லேசாகப் புகை வாசம். ஏலக்காயைக் கையில் வாங்கி முகர்ந்தே, உலர்த்தும்போது சூடு கூடிப்போனதா இல்லையா என்று சொல்லிவிடுகிறவன் நான். கடையில் அதற்காகவே எனக்கு ஒரு மரியாதை உண்டு. "இது ஏதோ சிலோன் மரப்பட்டை" என்று தீர்ப்புச் சொன்னேன். அக்கா வேறு வேலையில் இருந்தார், காதில் விழவில்லை. நான் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ருசி இருந்தும் கூட்டம் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு ரொட்டி பழக்கமில்லை. இடத்தின் உரிமையாளரிடம் ஒரு துணிக்கடைக்காரர் அதே இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தை பிறக்கும் வரை பார்ப்போம், கடை ஓடினால் இருங்கள், இல்லாவிட்டால் காலி செய்துவிடுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். காலி செய்தால் போவதற்கு அவர்களுக்கு ஊர் கிடையாது. ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, இன்னொன்று காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

கார்த்திகை வந்தால் குமுளி நிரம்பிவிடும். சபரிமலைக்குப் போகும் தமிழ்நாட்டு வண்டிகள் கம்பத்திலிருந்து ஏறி இந்த வழியாகத்தான் போகும், இதே வழியாகத்தான் திரும்பும். அந்த இரண்டு மாதத்தை விட்டால் பிழைக்க வழியில்லை என்று நானே அண்ணனுக்கு யோசனை சொன்னேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒரு பலகை வாங்கி, "சுத்த சைவம். சாமிமார்களுக்கு விரத உணவு கிடைக்கும்" என்று சிவப்பு மையில் எழுதி மாட்டினேன். அந்த வருடம் நானும் மாலை போட்டிருந்தேன். எங்கள் ஏலக்காய்க் கடையிலிருந்து ஏழு பேர். கடையின் ஸ்டோர் மேஸ்திரிதான் எங்களுக்குக் குருசாமி. ஏழு பேரையும் தினமும் சிலோன் கடைக்கே இழுத்துக்கொண்டு போனவன் நான்தான்.

அக்காவின் சுத்தத்தைக் குறை சொல்ல முடியாது. கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பே பழைய சட்டி பானைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார். முட்டை கூட உள்ளே வரவில்லை. விடியுமுன் அந்த மலைக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அடுப்பைத் தொடுவார். என்னைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் மாலை போட்ட அன்றிலிருந்து சாமி என்றுதான் கூப்பிட்டார். வெங்காயம் சேர்க்காத சாமிமார்களுக்காக வெங்காயம் இல்லாத சம்பல் தனியாக அரைத்தார். கடை ஓடத் தொடங்கியது. அண்ணன் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

மாலை போட்ட இருபத்தெட்டாம் நாள் காலை. இரண்டு வேன் நிறையச் சாமிமார்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். அக்கா அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழுப்பாக, விறகுத் துண்டு மாதிரி இருந்த ஒன்றை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, இதுதானுங்களா அந்த மரப்பட்டை?"

"பட்டையா? மாசி சாமி இது. தூத்துக்குடியில இருந்து சொல்லி எடுக்குறோம்."

"மாசின்னா என்னுங்க?"

"மாசிதான். சூரையை அவிச்சு, பொகை போட்டு, கல்லாட்டம் காய வைப்பாங்க."

கடலைப் பார்க்காதவனானாலும் சூரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். "மீனுங்களா?" என்றேன்.

"சேச்சே, மீனு இல்ல சாமி. மீனெல்லாந்தான் கார்த்திகைக்கு முன்னாடியே நிப்பாட்டியாச்சே. இது மாசி."

பொய் சொல்கிற முகம் அது இல்லை. தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் உதவிக்கு நின்றுதான் அவர் சமையல் கற்றவர். அங்கே இருந்த சிங்களச் சமையல்காரர் பீன்ஸ், பருப்பு, கீரை எல்லாவற்றிலும் மாசியை ஒரு சிட்டிகை தூவுவாராம். அலமாரியில் அது மிளகுக்கும் கறுவாப்பட்டைக்கும் நடுவில் இருக்குமாம். நமக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படித்தான் அக்காவுக்கு அது.

"அந்தச் சூரை எங்கக்கா இருக்கும்?" என்று கேட்டேன்.

"கடல்ல" என்றார். சொன்னதும் உலக்கை நின்றுவிட்டது.

வெளியே யாரோ, "சம்பல் இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டார்கள். அக்கா எழுந்தார். "போய்ச் சொல்லிப்புடுறேன் சாமி. கால்ல விழுந்துடுறேன்" என்றார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லாதீங்கக்கா. சொன்னா இன்னிக்கே கடை போயிருமுங்க. தெரியாமத்தானுங்களே நடந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே உட்கார்ந்திருந்தவர்களைச் சாக்குத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தார். இடித்ததையும் அரைத்ததையும் கொல்லைக் குழியில் கொட்டி மூடினார். அம்மியை மூன்று தடவை கழுவினார். சம்பல் தீர்ந்துவிட்டதென்று அண்ணன் வெளியே சொன்னார். அன்றிலிருந்து சம்பலில் மாசி இல்லை. அந்த ருசியும் இல்லை.

எனக்கு வந்த கோபம் என் மேல்தான். மூக்கு, மூக்கு என்று பீற்றிக்கொண்ட மூக்கு, இத்தனை நாள் கருவாட்டை மோந்துவிட்டு மரப்பட்டை என்று சொல்லியிருக்கிறது. இதை வெளியில் சொல்லவும் முடியாது. மாலையைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தேன். கழற்றினால் காரணம் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன்.

தினமும் சாயந்திரம் சரணம் சொல்லி முடித்ததும், தெரிந்து செய்த பிழையையும் தெரியாமல் செய்த பிழையையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வேண்டிக்கொள்வோம். அத்தனை நாளும் அதை வாய் சொன்னது, காது கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டது. தெரியாமல் செய்தது அக்கா. தெரிந்து செய்தது நான். குருசாமி எல்லோருக்கும் திருநீறு கொடுத்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு காலை, கடையில் சத்தம் கேட்டு ஓடினேன். மலைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு கூட்டம் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. இலைகள் தரையில் கிடந்தன. அண்ணன் கைகூப்பிக்கொண்டு நின்றார். "போர்டுல சுத்த சைவம்னு எழுதி வச்சு ஏமாத்துறியா?" என்று அக்காவைப் பார்த்து ஒருவர் கேட்டார். அந்தப் போர்டை எழுதியவன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் போனதும் அக்கா குனிந்து இலைகளைப் பொறுக்கினார். மாசியைப் பற்றித் தானே அவர்களிடம் சொன்னதாகச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாந்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேனுங்களேக்கா! நீங்களே ஏனுங்க கடைய இழுத்து மூடிக்கறீங்க?" என்று கத்தினேன்.

"போவும்போது சொல்லியிருந்தா, பாவம், அவங்க விரதம் கெட்டிருக்கும் சாமி. பாதியிலயே திரும்பியிருப்பாங்க. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. "இப்ப போய்ச் சாமிய பாத்துட்டு வந்துட்டாங்க. இனிச் சொன்னா கெடுறது நாங்க மட்டுந்தானே."

என் பேச்சைக் கேட்டுத்தான் அன்று அவர் அடங்கினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு திரும்பி வந்த ஒவ்வொரு கூட்டத்திடமும் இலை போடுமுன்பே அவர் சொன்னார். சில பேர் திட்டினார்கள். சில பேர் எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சாமி ஒருவர், "அதானுங்க, போறப்ப அத்தனை ருசியா இருந்துச்சு" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார். விஷயம் உரிமையாளர் காதுக்கும் போயிற்று. தை பிறக்கட்டும் என்று மட்டும் சொன்னாராம்.

நாங்கள் ஏழு பேரும் இருமுடி கட்டிக்கொண்டு கிளம்பும் நாள் வந்தது. மலையேறும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். திரும்பி வரும்போது அக்கா எங்கள் குருசாமியிடமும் சொல்வார். பதினெட்டுப் படி ஏறி உள்ளே போய் நின்றபோது, அவர் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. திரும்பி வந்து குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "மெஸ்ஸுலயே சாப்பிட்டுக்கலாமுங்களே சாமி" என்றேன். குருசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சிலோன் கடை இருக்கையில மஞ்சத்தண்ணி எதுக்கு சாமி? நீதான அந்த மெஸ்காரனோட மல்லுக்கு நின்ன?" என்றார்.

உட்கார்ந்தோம். அண்ணன் இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குருசாமி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மாசி என்றால் என்ன, எத்தனை நாள் போட்டார், எப்போது நிறுத்தினார், ஒன்றையும் மறைக்கவில்லை. எப்படித் தெரிந்ததென்பதை மட்டும் சொல்லவில்லை.

குருசாமி என் பக்கம் திரும்பினார்.

"சாமி, நீதான எங்களை இங்க கூட்டியாந்த. ஒனக்குத் தெரியுமா இது?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்வதற்குத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அக்கா முந்திக்கொண்டார்.

"தம்பிக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி. அதுவும் உங்களோட சேர்ந்து தின்ன புள்ளதான்."

நாற்பது நாளாகச் சாமி என்று கூப்பிட்டவர் அன்று தம்பி என்றார். வந்தவர் போனவரிடமெல்லாம் உண்மையைச் சொல்லிப் பேச்சு வாங்கிய மனுஷி, எனக்காக ஒரு பொய் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை.

குருசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இலையப் போடுங்கய்யா, பசிக்குது" என்றார் அண்ணனிடம்.

கடை தப்பித்தது. தையில் அந்தத் துணிக்கடைக்காரருக்குப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வேறு இடம் கிடைத்துவிட்டது. அதனால்தான் தப்பித்தது, எங்கள் யாருடைய நல்ல மனசாலும் இல்லை. அடுத்த கார்த்திகைக்குப் பலகையை மாட்டவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை அக்கா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பொய்யைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குருசாமியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் கிடைத்தது. சொல்லவில்லை.

குருசாமி இலை போடச் சொன்ன அன்றைக்கு எல்லோர் இலையிலும் ஒரு கரண்டி சம்பல் வைத்த அக்கா, எனக்குப் பிடிக்கும் என்று என் இலையில் மட்டும் இரண்டு கரண்டி வைத்தார். மாசி இல்லாத சம்பல்தான். தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிட்டுத் தொட்டு வாயில் வைத்தேன். ஐந்து ரொட்டி தின்கிறவன், அன்று ஒன்றோடு இலையை மடித்தேன்.