கானுக்குள் படுத்து எடுத்த படம்

போன வருடம் சித்திரைப் புதுவருடம் முடிந்த வாரம் அது. பிள்ளைகளே, உங்களில் சின்னவள் அப்போது பிள்ளைமடுவத்தில் இருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அந்த மடுவத்துக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஒரு சுவரில் பெரிய படம் ஒட்டலாம் என்று பெற்றோரான எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். படம் அச்சடித்துக் கொடுக்கிற ஹட்டன் கடையிலிருந்து ஒரு மாதிரிப் புத்தகமும் வந்திருந்தது. அதில் இருந்ததெல்லாம் வெளிநாட்டுப் பூத்தோட்டங்கள். சிவப்பு ஒரு வரி, மஞ்சள் ஒரு வரி, கோடு போட்டது மாதிரி. எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சுற்றிலும் இத்தனை மலையை வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் நாள் முழுக்க யாருடைய ஊரையோ பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா? எழுந்து சொல்லிவிட்டேன்.

“நம்ம நுவரெலியாவுல இல்லாத பூவாங்க? நானே போய் படம் எடுத்துட்டு வர்றேன்.”

 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா வாயைத் திறந்தார்.

“அண்ணே, போன திருவிழாவுல நீங்க புடிச்ச படத்துல சாமிக்குத் தலையே இல்லைங்களே!”

மடுவமே சிரித்தது. உங்கள் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பார்த்தேன்.

“சரிங்க, திங்கக்கிழமை காலையில கடைக்குச் சொல்லணும்” என்றார் ஆயாம்மா. “அதுக்குள்ள கொண்டாந்தா உங்க படம். இல்லாட்டி இந்தச் சிவப்புப் பூதான்.”

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எனக்கு ஃபெக்டரியில் வேலை. இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நீங்கள் மாமா என்றும் உங்கள் அம்மா அண்ணன் என்றும் கூப்பிடுகிற, ஆட்டோ ஓட்டும் என் கூட்டாளி, அவரிடம் சொன்னேன். விடியும்போதே ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தலவாக்கலை, நானுஓயா எல்லாம் தாண்டி நாங்கள் நுவரெலியாவுக்குள் நுழைந்தபோது, வசந்தகாலத்துக் கூட்டத்தில் டவுனே திணறிக்கொண்டிருந்தது. பூங்காவில் பூக்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பாத்திக்கு முன்னாலும் நூறு பேர் நின்றார்கள்.

“மச்சான், போன தடவை தலை இல்ல. இந்தத் தடவை தலை மட்டும்தான் இருக்கும்” என்றார் கூட்டாளி. “வாடா, பூ போடுற தோட்டத்துக்கே போவோம்.”

டவுனுக்கு வெளியே விற்பனைக்குப் பூ வளர்க்கும் ஒருவரின் தோட்டம் இருந்தது. மேட்டில் வண்டி நின்றதும் வேலியோரம் ஓடினேன். வரிவரியாகச் செடிகள். எல்லாம் பச்சை. ஒரு பூகூட விரியவில்லை, வெறும் மொட்டுகள்.

தோட்டக்காரர் சிங்களவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பூ எப்போது பூக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மொட்டிலேயே வெட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவாராம். இங்கேயே விரிந்துவிட்டால் அதை யார் வாங்குவார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

கூட்டாளி ஆட்டோவில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது.

“ஏன்டா சிரிக்கிற?”

“பொறந்ததுல இருந்து கொழுந்துக்குள்ள கிடக்குறோம். இலை முத்தவிட்டா கங்காணி சும்மா விடுவாரா? பூவும் அப்படித்தானேடா! இது தெரியாம இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம் பாரு, ரெண்டு பேரும்!”

அவர் சொன்னது சரிதான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை காலை ஆயாம்மா முன்னால் வெறுங்கையோடு நிற்பதை நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

வரும் வழியில் ஒரு சரிவில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். செடிகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. “நிப்பாட்டு!” என்று கத்தினேன். ரோட்டில் நின்று நாலைந்து படம் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே இலைக்கூட்டம். பூக்கள் சிந்திய சோறு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன.

கீழே மண் அணைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். “இதையெல்லாமா படம் புடிக்கிறீங்க? கிழங்கு பெருக்கணும்னு நாளைக்குப் பூவைக் கிள்ளிப் போட்டுருவோம்.”

நான் போனைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனேன். கூட்டாளி விடவில்லை.

“அக்கா, கானுக்குள்ள இறங்கிக்கலாங்களா?”

கான் என்றால் மழைத்தண்ணீர் ஓட வெட்டிவிடும் வாய்க்கால். ஆட்டோ வாங்குவதற்கு முன் பத்து வருடம் தோட்டத்தில் கான் வெட்டியவர் அவர்.

“மேல நின்னு பார்த்தா ஒன்னும் தெரியாதுடா. கானுக்குள்ள நின்னு பாரு, மலை மொத்தமும் ஒன்னு மேல ஒன்னா அடுக்கி வச்ச மாதிரி தெரியும். இறங்கு!”

“சட்டை புதுசுடா. உன் தங்கச்சி கொன்னு போட்டுரும்.”

“ஆயாம்மா கையால சாகறதுக்கு அவ கையால சாவு.”

இறங்கினேன். முட்டிவரை சேறு. “இன்னும் கீழ. தாடை மண்ணுல படணும்” என்று மேலே நின்று அதட்டினார். அப்படியே படுத்துவிட்டேன். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

பிள்ளைகளே, அதை எப்படிச் சொல்வேன்? இலைகள் எல்லாம் கீழே போய்விட்டன. பூக்கள் மட்டும் மேலே வந்து நின்றன. மஞ்சள் பொட்டு வைத்த வெள்ளைப் பூக்கள், நடுநடுவே ஊதா. சரிவு முழுக்க ஒன்றோடு ஒன்று நெருங்கி ஏறிப்போய், மேலே தேயிலை மலையில் முட்டின. பத்து, பதினைந்து படம் எடுத்தேன். அப்புறம்தான் மூடுபனி இறங்கி மலையை மறைத்தது. மறைக்கட்டும்! சேற்றோடு எழுந்து கத்தினேன். கூட்டாளியும் கத்தினார். அந்த அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோலப் பார்த்தார்.

திங்கட்கிழமை கடைக்கு என் படம்தான் போயிற்று. ஒட்டிய அன்று மடுவத்தில் கொழுந்துக் கூடையோடு வந்த அம்மாமார் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். ஆயாம்மா சுவருக்குக் கிட்டே போய் ஒரு பூவை விரலால் தடவிப் பார்த்தார்.

“என்ன பூவுங்க அண்ணே இது? எந்தப் பெரிய ஆளு தோட்டம்?”

“உருளைக்கிழங்குங்க” என்றேன்.

“பொய் சொல்லாதீங்க!” என்று திரும்பினார். “இந்தக் கையால எத்தனை கிழங்கு உரிச்சிருக்கேன். இதுக்கா இப்படி ஒரு பூ?”

மறுபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர்ச் சுவரைக் கைகாட்டினார்.

“அண்ணே, அந்தச் சுவரு சும்மாதானே கிடக்கு?”