ஒன்பது தடவை ஓகே போட்ட வண்டி

புதுக் காரைக் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சொன்னவர் தெய்வானை அம்மாள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. டிராக்டரில் பழகி, ஜீப்பில் தேறி, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு சேலம் வந்துபோவார். எண்பதுகளின் தொடக்கத்தில் அது சாதாரணம் இல்லை. அவர் கேட்டுக்குள் நுழைந்தாலே எங்கள் மெக்கானிக்குகள் கையிலிருந்த ஸ்பானரை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

நான் அப்போது சேலத்தில் ஒரு கார் டீலரின் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் சூப்பர்வைசர். இப்போது ஷோரூமில் ஏசியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கம்ப்ளெயின்ட் எழுதும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

1. வலப்பக்கம் இழுக்கிற வண்டி

அந்தக் காலத்தில் கார் வாங்குவது என்றால் புக்கிங் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெய்வானை அம்மாளும் அப்படிக் காத்திருந்துதான் வாங்கினார். எடுத்த மூன்றாம் வாரமே வந்துவிட்டார்.

"ஏனுங்க, வண்டி வலத்துப் பக்கமா இழுக்குதுங்க. ஸ்டீரிங்க உட்டா எதுக்க வர்ற லாரிக்கு நேராப் போய் நிக்குது."

அலைன்மென்ட் பார்த்தோம். டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும் அளவு, கொஞ்சம் தள்ளியிருந்தது, சரிசெய்தோம். நான் டெஸ்ட் டிரைவ் போனேன். வழக்கம்போல ஆத்தூர் ரோட்டில் அயோத்தியாப்பட்டணம் வரை போய்த் திரும்பினேன். வண்டி நேராகவே போயிற்று. ஜாப் கார்டில் 'அட்டெண்டட், ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஓகே பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்டில் ஓகே விழாமல் கேட் பாஸ் கிடைக்காது. கேட் பாஸ் இல்லாமல் எங்கள் வாட்ச்மேன் வண்டியை வெளியே விடமாட்டார். ஓகேக்குக் கீழே கஸ்டமரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே வண்டி சரியானதோ இல்லையோ, மாலை ஐந்து மணிக்கு எல்லா வண்டியும் ஓகேதான். நான் வேலைக்குச் சேரும் முன்பே இருந்த வழக்கம் இது. நெற்றியில் விபூதி வைக்கிற மாதிரி அதை வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாள் மறுபடி வந்தார். டை ராடு எண்டு மாற்றினோம். ஓகே. மறுபடி வந்தார். புஷ் மாற்றினோம். ஓகே. முன் டயர் இரண்டும் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. டயரை மாற்றிப் போட்டோம், ஸ்டீரிங் பாக்ஸை இறக்கி ஏற்றினோம். நாலரை மாதத்தில் ஒன்பது கார்டு, ஒன்பது ஓகே. வாரண்டி ஆறே மாதம்.

ஒன்பதாம் தடவை அவர் உட்காரவில்லை.

"எம் மகள ஆட்டையாம்பட்டியில குடுத்திருக்குது. இப்ப ஏழு மாசம். பிரசவத்துக்கு ஊட்டுக்குக் கூட்டியாரோணும். அதுக்குன்னு வாங்குன வண்டியில அவள ஏத்த எனக்கே பயமா இருக்குதுங்க. இந்த வண்டிய உங்க கம்பெனியே எடுத்துக்கட்டும். குடுத்த காசக் குடுங்க, இல்லீன்னா வேற வண்டி குடுங்க."

நான் சிரித்துவிட்டேன். நக்கலாக இல்லை; அப்படி ஒன்று நடக்கும் என்றே எனக்குத் தெரியாது. நுகர்வோர் கோர்ட்டெல்லாம் வராத காலம். எங்கள் மேனேஜர் ராஜகோபாலும் என்னைப்போலவே சிரித்தார். ஆனால் அந்த அம்மாள் மெட்ராஸில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டார், ஒன்றல்ல, நான்கு. நான்காவதுக்கு ஏரியா இன்ஜினியரை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

2. மேசைமேல் ஒன்பது கார்டு

இன்ஜினியர் பெயர் சந்தானம். முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார், ஆத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து ஒன்பது கார்டையும் சீட்டுக்கட்டுப் போல மேசைமேல் பரப்பினார்.

"மேடம், ஒவ்வொரு தடவையும் ஓகேன்னு இருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு. டிஃபெக்ட் இருந்தா ஏன் சைன் பண்ணினீங்க?"

"கையெழுத்துப் போடாட்டி வண்டிய வெளிய உடமாட்டாங்கன்னாங்க. நான் என்ன நடந்தா நாமக்கல்லுக்குப் போறது?"

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எழுதினது? வண்டி ஓகேவா, இல்லையா?"

எதிரே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு. "ஓகேதான் சார்," என்றேன்.

இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது பொய் என்றுகூட எனக்கு அப்போது முழுசாகத் தெரியாது. ஓட்டிப் பார்த்தபோது நேராகத்தானே போயிற்று? ஆனால் ஒன்பது தடவை ஒரே குறைக்கு வருகிற வண்டி ஓகே இல்லை என்று எந்த மடையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பழக்கம் இல்லாதவங்க ஓட்டினா அப்படித் தோணும் மேடம். நல்ல டிரைவரா ஒருத்தரைப் போடுங்க," என்றார் இன்ஜினியர்.

அந்த அம்மாள் அவரிடம் வாதாடவில்லை. என்னைப் பார்த்து, "நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானுங்களே? நாமக்கல்லு வரைக்கும் நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்," என்றார்.

அடி வாங்கியவன் போல, சரி என்று தலையாட்டினேன்.

3. நாமக்கல் நூல்

சேலம் எல்லை தாண்டும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒற்றைத் தார் ரோடு. எல்லாரும் நடுவில்தான் ஓட்டுவார்கள். நடுவில் ஏறியதுமே ஸ்டீரிங் லேசாக வலப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. எதிரே முட்டை லாரி ஒன்று வந்தது. அதற்கு வழிவிட வேகத்தைக் குறைப்போம் என்று பிரேக்கைத் தொட்டேன். வண்டி இடதுபக்கம் ஒதுங்குவதற்குப் பதில் வலப்பக்கம் லாரியைப் பார்த்துப் போயிற்று. இரண்டு கையாலும் ஒடித்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். சட்டை முழுக்க வேர்த்துவிட்டது.

"நல்ல டிரைவருதானுங்களே?" என்றார் அம்மாள். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஆத்தூர் ரோடு நல்ல அகலம். தண்ணீர் வடிய ஓரத்தில் சரிவு வைத்திருப்பார்கள். நாங்கள் இடது ஓரமாகப் போனபோது அந்தச் சரிவு வண்டியை இடதுபக்கம் இழுத்திருக்கிறது; வண்டியின் குறை வலப்பக்கம் இழுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வண்டியை நேராகக் காட்டியிருக்கின்றன. இங்கே நடுரோட்டில் சரிவு இல்லை, குறை மட்டும் மிஞ்சியது. நானும் வருஷக்கணக்கில் எல்லா வண்டியையும் அந்த ஒரே ரோட்டில்தான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியரும் அதே ரோட்டில்தான் ஓட்டினார்.

அம்மாள் என்னை லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே மேஸ்திரி கந்தசாமி. அவரிடம் இழுக்கிறது என்று மட்டும் சொன்னோம். அவர் சுற்றி வந்து ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"புதுச் சேசிஸ் கம்பெனியில இருந்து வந்தாலும் நாங்க நூல் புடிச்சுப் பாக்காம கட்டை வெக்கமாட்டமுங்க. கோணச் சேசிஸ் மேல பாடியக் கட்டிப்போட்டு அப்பறம் ஆருகிட்டப் போய் அழுவறது? காருக்கும் புடிச்சிருவோம்."

சிமென்ட் தரையில் காரை நிறுத்தி அடியில் நான்கு இடத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டார். முன்னால் சஸ்பென்ஷன் பிடிக்கும் இரண்டு இடம், பின்னால் ஸ்பிரிங் பிடிக்கும் இரண்டு இடம். குண்டு தொட்ட இடத்தில் சாக்பீஸ் புள்ளி. காரைத் தள்ளிவிட்டு, குறுக்கே ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் பிடித்தார். பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் பிடித்தார். இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். முக்கால் இன்ச் வித்தியாசம் இருந்தது.

"வண்டியோட கூடே கோணையாப் பொறந்திருக்குதுங்க. முன்னாடி சக்கரத்த நீங்க எத்தன தடவ திருப்புனாலும் பின்னாடி சக்கரம் வேற பக்கம் பாத்துட்டு வரும்."

ஒன்பது தடவை நான் முன்சக்கரத்தை மட்டும் நோண்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தரையில் சாக்பீஸ் புள்ளிகளுக்கு நடுவே நின்றபோது வந்த கோபம் முழுக்க என்மேல்தான்.

அம்மாளை நாமக்கல்லில் விட்டுவிட்டு, வண்டியை மெதுவாகச் சேலத்துக்கே திருப்பி ஓட்டிவந்தேன். திங்கட்கிழமை காலை இன்ஜினியர் ரயிலுக்குக் கிளம்பும் முன் பிடித்துவிட்டேன். மேனேஜரும் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சார், ஒன்பது ஓகேயும் கேட் பாஸுக்காகப் போட்டது. வண்டி சரியாச்சுன்னு போட்டதில்ல. வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

மேனேஜர் முகம் சிவந்தது. "யோவ் சண்முகம், யார் கிட்ட என்ன பேசறன்னு தெரியுதா? நாமக்கல் லாரிப் பட்டறை நூல்கண்டைக் கொண்டுவந்து கம்பெனி வண்டியைக் கோணைங்கறியா?"

"ஷோரூம்ல புது வண்டி ஒண்ணு நிக்குது சார். அதுக்கும் நூல் பிடிங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னா நான் வேலையை விட்டுடறேன்."

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை. வீட்டில் சொல்லியிருந்தால் என் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பாள். ஆனால் சந்தானம் நேர்மையான மனுஷர். ரயிலை விட்டுவிட்டு முழுக்கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். நூலின் ஒரு முனையை அவரே பிடித்தார். ஷோரூம் வண்டியில் இரண்டு நூலும் சமம். தெய்வானை அம்மாள் வண்டியில் முக்கால் இன்ச் வித்தியாசம். அவர் மூன்று தடவை அளந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக் குடுங்க. நானும் எழுதறேன்," என்றார்.

எனக்கு மேனேஜர் மெமோ கொடுத்தார். என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ அதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

4. கையெழுத்து

வாரண்டி முடிய எட்டு நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய வண்டியை எடுத்துக்கொண்டு புது வண்டி தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சேலத்தில் எந்த டீலரும் அதுவரை பார்க்காத கடிதம். மெக்கானிக்குகள் அதை வாங்கி வாங்கிப் படித்தார்கள். புது வண்டி வந்ததும் முதல் வேலையாக நூல் பிடித்தோம். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று.

சந்தானம் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். பழைய வண்டியை ஒப்படைக்கும் கடிதத்தை அம்மாளிடம் நீட்டினார். அம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கோண வண்டிய என்ன பண்ணுவீங்க?"

"டிப்போவுக்குப் போகும்மா. ரெடி பண்ணி..." என்று இழுத்தார்.

"ரெடி பண்ணி?"

"டிஸ்போஸ் பண்ணுவாங்க."

"வேற ஆருக்காச்சும் விப்பாங்க. அதானுங்களே?"

அம்மாள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"அப்ப நான் கையெழுத்துப் போடமாட்டனுங்க. எம் மக ஏறக் கூடாதுன்னுதான் இத்தனை நாளு அலைஞ்சது. இன்னொருத்தர் மக மட்டும் ஏறலாமா?"

மேனேஜர் என் காதில், "இந்தம்மா நம்மள விடாது போலிருக்கேய்யா," என்றார். மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் மாலையோடு புது வண்டி. அந்த அம்மாள் நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் இத்தனை நாளும் அவருக்கு நல்ல வண்டி கிடைக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அதற்கே என்னைப் பெரிய ஆளாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

சந்தானம் மெட்ராஸுக்கு டிரங்க் கால் புக் செய்தார். இரண்டு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. வெகு நேரம் பேசிவிட்டு வந்தார். வண்டி கம்பெனியின் டிரெய்னிங் ஸ்கூலுக்குப் போகும், பசங்கள் பிரித்துப் படிப்பார்கள், ரோட்டுக்கு வராது என்றார்.

"எழுதிக் குடுத்துப்போடுங்க."

"எழுதறேம்மா," என்று அவர் பேனாவைத் திறந்தார்.

"நீங்க வேண்டாமுங்க. சூப்பர்வைசரு எழுதட்டும், நீங்க கையெழுத்துப் போடுங்க. அவருக்கு இப்பத்தான் எழுத வந்திருக்குது."

மேனேஜர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு காகிதத்தை எடுத்தேன். 'இந்த வண்டி சரியில்லை' என்று முதல் வரி எழுதினேன். 'ரோட்டில் ஓட விடக் கூடாது' என்று இரண்டாவது வரி. மிச்சத்தைச் சந்தானம் சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மாள் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் நசுங்கப் புது வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஆட்டையாம்பட்டிக்குப் போனார்.

அதற்குப் பிறகு வெகு காலம் அதே மேசையில் வேலை பார்த்தேன். கார்டில் நாம் என்ன செய்தோம் என்பதை எழுதுவது ஒரு வேலை; வண்டி இப்போது என்ன செய்கிறது என்பதை எழுதுவது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கஸ்டமருக்கு வேண்டியது. கேட் பாஸ் ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

'இந்த வண்டி சரியில்லை.' மூன்றே வார்த்தை. முதல் கார்டில் இல்லாவிட்டாலும் மூன்றாம் கார்டிலாவது நான் அதை எழுதியிருக்கலாம். அந்த அம்மாள் மூன்று மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டில் வந்துபோயிருக்க வேண்டியதில்லை.